யூனிவர்சல் கிரெடிட் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விடுவது: கணக்கு எங்கே இடிக்கும்?

(வீட்டுச் சொந்தக்காரர்களின் இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மாடிப்படி

கிழக்கு லண்டனில் எனக்கு இரண்டு பெட்ரூம் ஃபிளாட், மாத வாடகை 1,300 பவுண்ட். கேட்டிருப்பது கணவன், மனைவி, 11 வயதுப் பையன், 8 வயதுப் பெண். பெரியவர்கள் இருவருக்கும் வயது முப்பதுக்கு மேல், இப்போது வேலை இல்லை, யூ.சி. (யூனிவர்சல் கிரெடிட், குறைந்த வருமானத்துக்கான அரசு உதவித்தொகை) வருகிறது. "இந்த ஏரியாவில் இரண்டு பெட்ரூம் எல்.எச்.ஏ. (வாடகைக்கான அரசு உதவி வீதம்) வாரம் 300. மாதத்துக்குச் சரியாக 1,300. மொத்தத்தையும் கவர்மென்ட் கட்டிவிடும், கவலையே வேண்டாம்" என்கிறார் லெட்டிங் ஏஜென்ட்.

கேள்விகள் மூன்று. ஏஜென்ட் சொல்வது சரியா? முதல் மாதத்திலிருந்தே வாடகையை நேராக என் அக்கவுன்ட்டுக்கு வர வைக்க முடியுமா? பெனிஃபிட் வாங்குபவர் வேண்டாம் என்று சொல்ல இன்னும் உரிமை இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு மட்டும் நான். ஏஜென்ட் பெருக்கல் சரி (300 × 52 ÷ 12 = 1,300). முடிவு தப்பு. எல்.எச்.ஏ. என்பது வாடகைக்கான உச்சவரம்பு. அதற்கு மேலே இன்னொரு கூரை இருக்கிறது: பெனிஃபிட் கேப். ஒரு வீட்டுக்குப் போகும் மொத்தப் பணத்துக்கே வரம்பு அது. தம்பதிக்கும் பிள்ளை உள்ளவர்களுக்கும் லண்டனுக்குள் வருடம் 25,323 பவுண்ட், வெளியே 22,020. 2023 ஏப்ரலில் வைத்த தொகைகள். மாதக் கணக்கில் லண்டனுக்கு 2,110.25.

2025–26 வீதங்களை வைத்து உங்கள் குடும்பத்தைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிள்ளைகளும் 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கான வீதத்திலேயே எடுக்கிறேன். மூத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல் வரும். அது வந்தால் வாடகைக்கு மிஞ்சுவது இன்னும் குறையும்.

தம்பதியின் அடிப்படைத் தொகை 628.10
பிள்ளைகள் 292.81 × 2 = 585.62
சைல்ட் பெனிஃபிட் (வாரம் 26.05 + 17.25) மாதம் 187.63
மொத்தம் 1,401.35

2,110.25-இலிருந்து இதைக் கழித்தால் வாடகைக்கு மிஞ்சுவது 708.90. உங்கள் வாடகை 1,300. மாதாமாதம் 591 பவுண்ட், சாப்பாட்டுக்கும் கரன்டுக்கும் வைத்த பணத்திலிருந்து வர வேண்டும். வராது. மூன்றாம் மாதம் பாக்கி விழும்.

இங்கேதான் விநோதம். அவர்களில் ஒருவர் பகுதிநேர வேலைக்குப் போய் மாதம் 846 பவுண்ட் கையில் வாங்கினால் (2025–26 வரம்பு, தேசியக் குறைந்தபட்சக் கூலியில் வாரம் 16 மணிநேரம்) கேப் மொத்தமாக விலகிவிடும். அப்போது யூ.சி. உச்சம் 628.10 + 585.62 + 1,300 = 2,513.72. சம்பளத்தில் முதல் 411-ஐ விட்டுவிட்டு மிச்சம் 435-க்கு 55 சதவீதம் கழிப்பார்கள், அதாவது 239.25. கைக்கு வரும் யூ.சி. 2,274.47. வேலையே இல்லாதபோது வந்தது 1,922.62. வேலைக்குப் போனதால் யூ.சி. 350 பவுண்ட் ஏறுகிறது, சம்பளம் தனி, சைல்ட் பெனிஃபிட் தனி.

ஆகவே "பெனிஃபிட்டில் இருக்கிறார்களா?" என்று கேட்டு ஒரு பயனும் இல்லை. "கேப் விழுகிறதா?" என்பதுதான் கேள்வி. வீட்டில் யாருக்காவது பி.ஐ.பி. (மாற்றுத்திறனாளி உதவித்தொகை), பிள்ளைக்கு டி.எல்.ஏ. (பிள்ளைகளுக்கான அதே வகைத் தொகை), பராமரிப்பாளர் தொகை, வேலை செய்ய இயலாமைக்கான கூடுதல் தொகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் கேப் கிடையாது. கடந்த 12 மாதமும் அந்த வரம்புக்கு மேல் சம்பாதித்து இப்போதுதான் வேலை போனவர் என்றால் 9 மாத அவகாசம் உண்டு. அந்த 9 மாதம் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டு வையுங்கள்.

எண்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

சாவிக்கொத்து

கணக்குப்பிள்ளை அண்ணை சொன்னது சரி. ஏஜென்ட் விட்ட இன்னொரு பிழையையும் சொல்லுறன். "இரண்டு பெட்ரூம் வீடு, ஆகவே இரண்டு பெட்ரூம் எல்.எச்.ஏ." எண்டு நினைக்கிறார். வீட்டில எத்தனை அறை எண்டதை அவை பாக்கிறேல்லை. குடும்பத்துக்கு எத்தனை அறை தேவை எண்டதைத்தான் பாப்பினம்.

தம்பதிக்கு ஒரு அறை. 16 வயதும் அதுக்கு மேலயும் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு. 16-க்குக் கீழ ஒரே பால் பிள்ளையள் ரெண்டு பேருக்கு ஒண்டு. 10 வயசுக்குக் கீழ எண்டால் ஆணும் பெண்ணும் சேந்தே ஒண்டு. இங்க பையனுக்கு 11, பெட்டைக்கு 8. தனித்தனி அறை. அப்ப இந்தக் குடும்பத்துக்கு மூண்டு பெட்ரூம் வீதம். ஆனா உண்மையான வாடகைக்கு மேல ஒரு சதமும் குடுக்காயினம், அதால 1,300-தான். உச்சம் நாலு பெட்ரூம். ஆறு பிள்ளையள் இருந்தாலும் அதுக்கு மேல இல்லை.

மற்றப் பக்கம் யோசியுங்கோ. 35 வயசுக்குக் கீழ தனி ஆள் ஒருத்தருக்கு ஒரு பெட்ரூம் ஃபிளாட் குடுத்தால், பொதுவா அவருக்குப் பகிர்ந்த வீட்டு அறைக்குரிய வீதம்தான். வாடகை முழுக்க வராது. கவுன்சில் பராமரிப்பில வளந்து இப்ப 25-க்குக் கீழ இருக்கிறவைக்கும், பி.ஐ.பி.யில நாளாந்தப் பராமரிப்புப் பகுதி எடுக்கிறவைக்கும் விலக்கு இருக்கு.

இன்னொண்டு: மூத்த பிள்ளைக்கு 21 ஆகி, வேலைக்குப் போய்க்கொண்டு அதே வீட்டில இருந்தால், தாய் தகப்பன்ட வாடகைப் பகுதியில மாசம் 90 பவுண்டுக்கு மேல வெட்டு. பிள்ளை அந்தக் காசைக் குடுக்கும் எண்டது அரசாங்கத்தின்ட நினைப்பு. எங்கட வீடுகளில அப்பிடிக் கேக்கிற அம்மா ஆர்?

பழைய_ஹீட்டர்

இவ்வளவு குழப்பம் எதற்கு? டெனன்ட் கையெழுத்துப் போட்டால் கவுன்சில் முதல் நாளிலிருந்தே லேண்ட்லார்டுக்குக் கட்டிவிடும். அப்படித்தானே எப்போதும்?

நோட்டீஸ்போர்டு

ஐயா, அது 2008 ஏப்ரலுக்கு முந்திய கதை. எல்.எச்.ஏ. நாடு முழுக்க வந்தபோதே பணம் டெனன்ட் கைக்குப் போக ஆரம்பித்தது. இப்போது வேலை வயதில் இருப்பவர் புதிதாகக் கேட்டால் கவுன்சிலுக்கு இதில் வேலையே இல்லை, டி.டபிள்யூ.பி. (மத்திய அரசின் வேலை, ஓய்வூதியத் துறை) நடத்தும் யூ.சி.தான். கவுன்சில் கொடுக்கும் ஹவுசிங் பெனிஃபிட் ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கும், ஆதரவு விடுதி, தற்காலிகத் தங்குமிடம் போன்றவற்றுக்கும் மட்டும் மிச்சமிருக்கிறது. அதில் எட்டு வாரப் பாக்கி விழுந்தால் லேண்ட்லார்டுக்கு நேராகக் கட்டுவது விதி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்துபோன வாரங்களுக்கு வரும். அதனால் மாத வாடகையோடு ஒருநாளும் ஒட்டாது. பேரேட்டை வாரக் கணக்கிலேயே எழுதுங்கள்.

யூ.சி.யில் நேரடிக் கட்டணம் இயல்பாக வராது, கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வழி:

ஒன்று, பாக்கி. இரண்டு மாத வாடகைக்குச் சமமான பாக்கி இருந்தால் கேட்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கட்டியே ஒரு மாத அளவுக்குப் பாக்கி சேர்ந்திருந்தாலும் பரிசீலிப்பார்கள்.

இரண்டு, டெனன்ட்டின் நிலைமை. குடி, போதைப் பழக்கம், குடும்ப வன்முறை, முன்பு வீடிழந்தவர், எழுதப் படிக்க அல்லது பணம் கையாளச் சிரமம், பெரிய கடன் போன்றவை இருந்தால் பாக்கியே இல்லாமல் தொடக்கத்திலிருந்து கிடைக்கலாம். டெனன்ட்டே தன் ஜர்னலில் (யூ.சி. ஆன்லைன் கணக்கில் செய்தி எழுதும் பக்கம்) எழுதிக் கேட்பதுதான் இதற்குச் சுலபமான பாதை.

லேண்ட்லார்ட் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தடுக்கி விழுவது எப்போதும் சின்ன விஷயத்தில்: ஒப்பந்தத்தில் "சிவா" என்றும் யூ.சி.யில் முழுப் பெயரும் இருக்கும், ஃபிளாட் எண் முகவரியில் ஓரிடத்தில் "2ஏ", இன்னோரிடத்தில் "முதல் மாடி". பொருந்தாத விண்ணப்பம் அப்படியே கிடக்கும். விண்ணப்பிக்கும் முன் டெனன்ட்டின் யூ.சி. பக்கத்தில் இருக்கும் பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கித் தொகையைத் தேதிவாரியாக ஒரு தாளில் போட்டு வையுங்கள்: வர வேண்டியது, வந்தது, மிச்சம்.

பழைய பாக்கிக்கு வேறு பிடித்தம் கேட்கலாம். அடிப்படைத் தொகையில் 10 சதவீதத்திலிருந்து தொடங்கும். ஆனால் டெனன்ட் அந்த வீட்டில் குடியிருக்கும்வரைதான். வீடு மாறிய அன்றே பிடித்தம் நின்றுவிடும். பிறகு கவுன்ட்டி கோர்ட்டில் பண வழக்குதான் வழி.

மாடிப்படி

நன்றி. டி.டபிள்யூ.பி.க்கு நானே போன் செய்து கேட்டால் சொல்ல மாட்டார்களா?

சாவிக்கொத்து

சொல்லாயினம் தம்பி. டெனன்ட் ஜர்னலில சம்மதம் எழுத வேணும். "என்ட வீட்டு உரிமையாளர் இன்னார், இன்ன முகவரி. என்ட வாடகைப் பகுதி எவ்வளவு, எப்ப கட்டுப்படும் எண்டதைப் பற்றி அவரோட கதைக்க நான் சம்மதம்" எண்டு விபரமா. "எல்லாத்தையும் அவரோட கதைக்கலாம்" எண்டு பொதுவா எழுதினால் ஏற்காயினம். அந்தச் சம்மதமும் நெடுகலும் நிக்காது, ஒவ்வொரு அலுவலுக்கும் திருப்பி எழுத வேணும். ஒப்பந்தம் கையெழுத்திடுற அண்டைக்கே, போனைக் கையில வச்சுக்கொண்டு, முதல் சம்மதத்தை எழுதச் சொல்லுங்கோ. பிறகு கேக்கிறது வில்லங்கம்.

கணக்குப்பிள்ளை

நேரடியாக வந்தாலும் நிம்மதி முழுதாக வராது. பணம் டெனன்ட்டின் மொத்த யூ.சி.யிலிருந்துதான் வர வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு வருடத்தில் ஒரு கணக்கு மாதத்தில் (யூ.சி. வருமானத்தைக் கணக்கிடும் ஒரு மாத காலம்) இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் யூ.சி. சுருங்கும், சில சமயம் பூஜ்யமாகும். உங்களுக்கு வருவதும் அதோடு போகும். யாரும் தவறு செய்யவில்லை. சம்பளக் காலண்டரும் யூ.சி. காலண்டரும் ஒட்டாததுதான் காரணம். அந்த மாதத்தை முன்கூட்டியே காலண்டரில் குறித்து, டெனன்ட் இரட்டைச் சம்பளத்திலிருந்து நேராகக் கட்டும்படி பேசி வைக்கலாம். யூ.சி. பூஜ்யமான பிறகு கணக்கு மறுபடி தொடங்கினால், நேரடிக் கட்டணமும் தொடர்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இப்போது, லேண்ட்லார்டுகள் அதிகம் பணம் இழக்கும் இடம். யூ.சி. நாள் கணக்குப் பார்க்காது. கணக்கு மாதத்தின் கடைசி நாளில் என்ன நிலைமையோ, அதுவே மாதம் முழுதுக்கும். உதாரணம்: டெனன்ட்டின் கணக்கு மாதம் 9-ஆம் தேதியிலிருந்து அடுத்த 8-ஆம் தேதிவரை. பணம் வருவது ஏழு நாள் கழித்து, 15-இல். அவர் 6-ஆம் தேதி உங்கள் வீட்டைக் காலி செய்து வேறு வீட்டுக்குப் போகிறார். 27, 28 நாள் உங்கள் வீட்டில் இருந்தார். ஆனால் 8-ஆம் தேதி அவர் இருப்பது புது வீட்டில். அந்த மாதம் முழுவதற்கும் புது வீட்டின் வாடகைதான் கணக்கில் ஏறும். உங்கள் வாடகைக்கு யூ.சி.யிலிருந்து ஒரு பென்னி கிடையாது.

இதையே திருப்பிப் போட்டால் உங்கள் வீட்டுக்கு வருபவருக்கு லாபம். 6-இல் குடிவந்தால் 15-ஆம் தேதி முழு மாத வாடகைப் பகுதி அவர் கைக்கு வரும். உங்களுக்கு அதற்குள் கடன்பட்டிருப்பது சில நாள்தான். அந்த உபரியை அடுத்த மாத வாடகையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் செய்வார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: கணக்கு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரியாமல் ஒப்பந்தத் தேதி போடாதீர்கள். வாடகை நாளை யூ.சி. வரும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளி, இங்கே 17-ஆம் தேதி, என்று வையுங்கள். 1-ஆம் தேதி என்று வைத்தால் 15-இல் வந்த பணம் இரண்டு வாரம் டெனன்ட் அக்கவுன்ட்டில் கிடக்கும். வேறு டைரக்ட் டெபிட்டுகள் அதைச் சும்மா விடாது.

புதிதாக யூ.சி. கேட்பவர் என்றால் முதல் பணம் வர ஐந்து வாரம். அந்த இடைவெளிக்கு முன்பணம் வாங்கலாம், ஆனால் அது கடன், மாதாமாதம் பிடிப்பார்கள். ஏற்கனவே யூ.சி.யில் இருந்து வீடு மட்டும் மாறுபவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

பழைய_ஹீட்டர்

சரி, தெரியாமல் சொல்லிவிட்டேன். ஆனால் இத்தனை தலைவலிக்கு விளம்பரத்திலேயே "வேலை செய்பவர்கள் மட்டும்" என்று போட்டுவிட்டால் தீர்ந்ததே!

நோட்டீஸ்போர்டு

தீராது ஐயா, அங்கேதான் தொடங்கும். "டி.எஸ்.எஸ். வேண்டாம்" (அதாவது பெனிஃபிட் வாங்குபவர் வேண்டாம்) என்பது சட்டவிரோத பாகுபாடு என்று 2020 ஜூலையில் யார்க் கவுன்ட்டி கோர்ட் சொன்னது. பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அது அதிகமாகப் பாதிக்கிறது என்பது அடிப்படை. இப்போது ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட் 2025 வெளிப்படையாகவே தடுக்கிறது. இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் நடைமுறை. பெனிஃபிட் வாங்குகிறார் என்பதற்காகவோ பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவோ வீடு பார்க்க விடாமல் செய்வது, தகவல் தராமல் இழுப்பது, விளம்பரத்தில் மறைமுகமாகத் தள்ளுவது எல்லாம் அதில் வரும். கவுன்சில் 7,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். அடமானக் கடன் பத்திரத்தில் "பெனிஃபிட் டெனன்ட் கூடாது" என்று இருந்தாலும் அந்த வரி செல்லாது.

ஆனால் "வாடகை கட்டுப்படியாகுமா?" என்று பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. எல்லோரிடமும் ஒரே அளவான வருமான ஆதாரம் கேட்க வேண்டும்: சம்பளக்காரரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு என்றால், யூ.சி.க்காரரிடம் மூன்று மாத யூ.சி. கணக்குச் சீட்டு. அந்தச் சீட்டில் எல்லாமே இருக்கும்: அடிப்படைத் தொகை, பிள்ளைகளுக்கானது, வாடகைக்கானது, சம்பளத்துக்காகக் கழித்தது, பழைய கடனுக்குப் பிடித்தது, கேப் விழுந்திருந்தால் அதற்கு ஒரு வரி. கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு அப்படியே தெரியும். "1,300 வாடகைக்கு உங்கள் வருமானத்தில் 591 குறைகிறது" என்று எண்ணை வைத்து மறுத்தால் நியாயம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது; உங்களுக்கு 300 × 5 = 1,500. 30 நாளுக்குள் அங்கீகரித்த திட்டத்தில் வைக்க வேண்டும். முன்வாடகை கையெழுத்துக்குப் பிறகு ஒரு மாதம்தான் கேட்கலாம்; ஆறு மாதம் முன்னால் வாங்கும் பழக்கம் முடிந்தது. ஜாமீன்தாரர் கேட்கலாம். கவுன்சில் தனியார் வீடுகளுக்கு லைசன்ஸ் கேட்கும் பகுதியா என்று பாருங்கள். நியூஹாம் கவுன்சில் 2013-இலேயே ஏறத்தாழ பரோ முழுக்கக் கொண்டுவந்தது. லைசன்ஸ் இல்லாமல் விட்டால் வாங்கிய வாடகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் உத்தரவு வரலாம். யூ.சி.யாக வந்த பங்கைக் கவுன்சிலே கேட்கும்.

மாடிப்படி

கடைசியில் பாக்கி விழுந்துவிட்டால்? செக்‌ஷன் 21 (காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் வழி) போய்விட்டதே.

நோட்டீஸ்போர்டு

செக்‌ஷன் 8, கிரவுண்ட் 8 (வாடகைப் பாக்கிக்காக வீட்டைத் திரும்பக் கேட்பது). முன்பு இரண்டு மாதப் பாக்கி, இரண்டு வார நோட்டீஸ். இப்போது மூன்று மாதப் பாக்கி, நான்கு வார நோட்டீஸ். நோட்டீஸ் கொடுக்கும் அன்றும் கோர்ட் விசாரணை அன்றும் அந்த மூன்று மாதம் இருக்க வேண்டும். இதில் யூ.சி.க்கென்று ஒரு வரி உண்டு, பலர் பார்ப்பதில்லை: யூ.சி. வாடகைப் பகுதி இன்னும் வந்து சேராததால் மட்டும் நிற்கும் தொகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உங்கள் வீட்டில் மூன்று மாதம் 3,900. டெனன்ட் 4,000 பாக்கி. ஆனால் அதில் 1,300 டி.டபிள்யூ.பி. இன்னும் அனுப்பாததால் நிற்கிறது. கணக்கில் வருவது 2,700. கிரவுண்ட் 8 விழுந்துவிடும். பாக்கிக்கான மற்ற இரண்டு காரணங்களான கிரவுண்ட் 10-ஐயும் 11-ஐயும் சேர்த்தே நோட்டீஸில் போட்டிருந்தால் வழக்கு நிற்கும், ஆனால் அவற்றில் முடிவு நீதிபதியின் விருப்பம். ஆகவே மூன்று மாதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மாதம் தொட்டதும் நேரடிக் கட்டணம் கேளுங்கள். வீடு திரும்பப் பெறுவதைவிட அது பல மடங்கு மலிவு.

சாவிக்கொத்து

கேப் விழுற குடும்பம் எண்டால் பாக்கி வர முதலே கவுன்சிலிட்ட கேக்கச் சொல்லுங்கோ. முந்தி டி.எச்.பி. எண்டு ஒரு உதவிப்பணம் இருந்தது. இங்கிலாந்தில 2026 ஏப்ரலில இருந்து கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்டுக்குள்ள போட்டுட்டினம். உரிமை எண்டு இல்லை, கவுன்சில் பாத்துக் குடுக்கும். நிரந்தரமா வரும் எண்டு வாடகைக் கணக்குக்குள்ள சேர்க்காதேங்கோ.

சொந்தக்காரருக்கு விடுறவை ஒண்டைக் கவனியுங்கோ. நீங்களும் அதே வீட்டில இருந்துகொண்டு, உங்கட தாய் தகப்பனுக்கோ சகோதரத்துக்கோ அறை வாடகைக்கு விட்டதா எழுதினால் யூ.சி. வாடகைப் பகுதி கிடையாது. வேற வீடு எண்டாலும், வாடகை கட்டாட்டியும் பரவாயில்லை எண்ட மாதிரி இருந்தால், பெயருக்கு எழுதின ஒப்பந்தம் எண்டு வெட்டிப் போடுவினம். ஒவ்வொரு மாசமும் பாங்கில வந்து போன கணக்குத்தான் சாட்சி. கையில காசு வாங்காதேங்கோ.

மாடிப்படி

வாடகை ஏற்றினால் யூ.சி. தானாக ஏறுமா?

கணக்குப்பிள்ளை

ஏறாது. ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், செக்‌ஷன் 13 படிவத்தில், இரண்டு மாத நோட்டீஸோடு. புது வாடகை தொடங்கும் அன்றே டெனன்ட் ஜர்னலில் மாற்றத்தைப் பதிந்து, நோட்டீஸின் படத்தை ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கு மாதம் முடிந்த பிறகு பதிந்தால், பதிந்த மாதத்திலிருந்துதான் ஏறும். விட்ட மாதம் விட்டதுதான். 17-ஆம் தேதி புது வாடகை தொடங்கினால் அடுத்த 8-ஆம் தேதிக்குள் பதிவு இருக்க வேண்டும். 18-ஆம் தேதி காலை ஒரு மெசேஜ் போட்டு நினைவூட்டுங்கள். அதற்கு முன் கேப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அந்தச் சீட்டைப் பாருங்கள். இடமில்லாத குடும்பத்திடம் 50 பவுண்ட் ஏற்றினால், அந்த 50-உம் யூ.சி.யிலிருந்து வராது.

மாடிப்படி

சரி. ஏஜென்ட்டிடம் அவர்களின் மூன்று மாதச் சீட்டும் கணக்கு மாதம் முடியும் தேதியும் கேட்டிருக்கிறேன். மனைவிக்கு ஒரு பள்ளிச் சமையலறையில் வாரம் 18 மணிநேர வேலை அடுத்த மாதம் தொடங்குகிறதாம்.

கணக்குப்பிள்ளை

வேலைக் கடிதத்தில் மணிநேரக் கூலியையும், பள்ளி விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்பதையும் பாருங்கள். பள்ளி நாட்களுக்கு மட்டும் கூலி என்றால் ஆகஸ்டில் அந்த வருடத்து வரம்புக்குக் கீழே போய் அந்த மாதம் மட்டும் கேப் திரும்ப விழும். சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் கொடுக்கிறார்கள் என்றால், பன்னிரண்டில் ஒரு பங்கு அந்த வரம்பைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சாவிக்கொத்து

தாண்டினால் சாவியைக் குடுங்கோ தம்பி. வாடகை நாள் 17.